வட்டத்துக்குள் ஒரு ‘ஏ’

அத்தியாயம் 14

இருபத்திரண்டு நாளாக அந்த வீட்டில் சின்னவளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது டார்ச்சின் உத்தரவு.

டார்ச் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இருபத்தாறு வருடமாக ஒரே தியேட்டரின் வாசலில் கையில் டார்ச் விளக்கோடு நிற்கிற மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? டிக்கெட் கிழிப்பார், இருட்டில் சீட் காட்டுவார். ஆனால் அவருடைய நிஜமான வேலை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வேலை, ஏ படத்துக்குப் பதுங்கிப் பதுங்கி வருகிற வயசு பத்தாத பொடிசுகளைப் பிடித்துத் திருப்பி அனுப்புவது.

அதற்கு அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. வயசைக் கேட்டால் எல்லாரும் பட்டென்று பதினெட்டு என்பார்கள். அதனால் அவர் வயசைக் கேட்கமாட்டார். “எந்த வருஷம் பொறந்தே?” என்பார். நிஜம் சொல்கிறவன் யோசிக்காமல் சொல்லிவிடுவான். பொய்க்காரன் மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட வேண்டும். போடும்போது கண் தானாக மேலே போகும்.

“கண்ணு மேல போச்சா, ஆளு வெளிய போ” என்பது அவருடைய வசனம். இதைத் தன் பெண்கள் இருவருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்து, சின்னவள் அதை வைத்தே அப்பாவின் சில்லறைப் பொய்களைப் பிடித்து வீட்டைச் சிரிக்க வைத்ததெல்லாம் நாம் முன்பே பார்த்ததுதான்.

இப்போது அந்த வீட்டில் சிரிப்பு இல்லை.

வெளிநாட்டில் நாடகம் படிக்கப் போன சின்னவள், அங்கேயே ஒரு படத்தில் நடித்தாள். போஸ்டரை அப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினாள். போஸ்டரில் நீச்சல்குளம். அதன் விளிம்பில் சின்னவள், நனைந்த தலையும் தோளில் துண்டுமாக. சுற்றிலும் டார்ச்சுக்குப் புரியாத பாஷையில் ஏதேதோ எழுதியிருந்தது. அவருக்குப் புரிந்தது மூலையில் இருந்த ஒரே ஓர் எழுத்து. வட்டத்துக்குள் ஒரு ஏ.

ஏ என்றால் என்ன என்று இந்த ஊரிலேயே அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்த எழுத்துக்குக் காவல் நின்றுதானே அவருக்குத் தலை நரைத்தது.

என்ன படம், என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. நாற்பத்தொரு உறவுக்காரர்கள் இருக்கிற குடும்பக் குழுவில் பத்தொன்பது வினாடிக் குரல் பதிவு ஒன்றைப் போட்டார். “எனக்கு இனிமே ஒரே பொண்ணுதான். இன்னொருத்தி எந்த அசிங்கத்துல போய் நின்னாளோ, அங்கயே நிக்கட்டும்.”

சின்னவளும் அந்தக் குழுவில் இருந்தாள். கேட்டாள். குழுவை விட்டு வெளியேறினாள்.

அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

*

வெள்ளிக்கிழமை காலை பெண்களின் அம்மா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சாதாரணமாக எட்டு மணிக்குப் போகிறவள் ஆறரைக்கே செருப்பை மாட்டினாள்.

“இவ்ளோ சீக்கிரமா எங்க?” என்றார் டார்ச்.

“லீவு போட்டிருக்கேன். வெளிய வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“நீங்க கேக்கக் கூடாதுன்னு சொன்ன வேலை.”

கதவு சாத்திக்கொண்டது. டார்ச்சுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் அவர் கேட்கவில்லை. யூனிஃபார்மின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

தியேட்டரில் முதல் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கூட்டிப் பெருக்குகிறவர்கள் சீட்டுகளுக்கு அடியில் இருந்து காகிதக் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தன் அறையில் இருந்து தலையை நீட்டினாள். வயதில் டார்ச்சின் பெரிய பெண்ணைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

“டார்ச் அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க. உங்க மேல எனக்குக் கோவம்.”

“நான் என்னம்மா பண்ணினேன்?”

“உங்க வீட்டுப் பொண்ணு சினிமால நடிச்சிருக்கா. ஒரு வார்த்தை சொன்னீங்களா? படக் கம்பெனிக்காரங்க அனுப்பின பேப்பர்ல ஊர்ப் பேரப் பார்த்து, விசாரிச்சு, நானா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.”

டார்ச்சுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை நாள் உறவுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த மானக்கேடு வேலை செய்கிற இடத்துக்கும் வந்துவிட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேனேஜரம்மா, உங்கள கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் படத்த இங்க போடாதீங்க. நான் இந்த வாசல்ல தலை நிமிர்ந்து நிக்கணும்.”

“என்னண்ணே சொல்றீங்க? ஞாயித்துக்கிழமை காலை ஷோவே அதான். நாலு ஸ்கூல்ல இருந்து பசங்க வர்றாங்க.”

“பசங்களா? ஏ படத்துக்கா?”

மேனேஜர் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேலி இல்லாத, நல்ல மனசுச் சிரிப்பு. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவரை அதிகமாகச் சுட்டது.

“ஐயோ அண்ணே! போஸ்டர்ல இருந்த ஏ-வைப் பாத்தீங்களா? அந்த ஊர்ல ஏ-ன்னா எல்லாரும் பாக்கலாம்னு அர்த்தம். கைக்குழந்தைய தூக்கிட்டுப் போலாம். நம்ம ஊர்லதான் அது பெரியவங்க எழுத்து.”

டார்ச் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணின்னா பயப்படற ஒம்பது வயசுக் குட்டி ஒண்ணு நீச்சல் கத்துக்கற கதை. உங்க பொண்ணு அதுல நீச்சல் டீச்சர். டீச்சர்னா தலை நனையாம இருக்குமா?” என்றபடி மேனேஜர் ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். “இதப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். ஒரே படம். ஆறு நாடு. ஒவ்வொருத்தனும் ஒரு வயசு போட்டிருக்கான்.”

தாளில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. படம் எடுத்த நாட்டில் எல்லாருக்கும். பக்கத்து நாட்டில் ஏழு வயதுக்கு மேல். காரணம், தண்ணீரில் மூழ்கித் தத்தளிக்கும் காட்சி. இன்னொரு நாட்டில் பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும். காரணம், ஒரு கெட்ட வார்த்தை, இரண்டு தடவை. வேறொரு நாட்டில் பதின்மூன்று. காரணம், நீச்சல் உடை. அங்கே அப்பா அம்மா கூட வந்தாலும் உள்ளே விடமாட்டார்களாம், சட்டம். ஐந்தாவது நாட்டில் வயசே கிடையாது. ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டு, அதற்கப்புறம் உங்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

இருபத்தாறு வருடம் டார்ச் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. வயது என்றால் வயது, எழுத்து என்றால் எழுத்து, அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி எங்கேயும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். எல்லை தாண்டினால் எழுத்தே தலைகீழாகும் என்பது அவர் கனவிலும் நினைக்காத சங்கதி.

“கடைசில நம்ம ஊர்” என்று மேனேஜர் விரலை வைத்தாள். “பன்னண்டு. அதுக்குக் கீழ இருந்தா கூடப் பெரியவங்க வரணும். அதான் டீச்சருங்களும் வர்றாங்க. காரணத்தைப் படிங்க.”

டார்ச் படித்தார். ‘தந்தை தன் மகளை வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகும் காட்சி உண்டு. சிறு பிள்ளைகளைக் கலங்கச் செய்யலாம்.’

“பாருங்கண்ணே கூத்தை” என்று மேனேஜர் சிரித்தாள். “ஒருத்தன் தண்ணிக்குப் பயந்திருக்கான், ஒருத்தன் கெட்ட வார்த்தைக்குப் பயந்திருக்கான். நம்ம ஆளுங்க அப்பனுக்குப் பயந்திருக்காங்க!”

அவளுக்குக் குரல் பதிவைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டாள். டார்ச்சும் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதுதான் மிச்சம்.

“இன்னைக்கு மூணு மணிக்கு அந்தப் படத்தோட காப்பிய ஓட்டிச் சரிபார்க்கறோம். நம்ம ஸ்டாஃப் மட்டும். நீங்களும் உக்காந்து பாருங்க” என்றாள்.

*

டார்ச் நேராகத் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தியேட்டரில் ஆள் வராத இடம் அது ஒன்றுதான்.

அசிங்கம் என்று சொன்னோமே. நாற்பத்தொரு பேர் காதில் விழ, பெற்ற பெண்ணை. ஒரு குட்டிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவளை. அந்தக் குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டார். பத்தொன்பது வினாடி. பாதியில் நிறுத்திவிட்டார். தன் குரலைத் தானே கேட்கச் சகிக்கவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டார். பின்னால் பெட்டிகள் உருளும் சத்தமும் அறிவிப்புச் சத்தமும் கேட்டன.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்தார். “அந்தப் படம்... அது குழந்தைங்க படமாமே.”

“ஆமா.”

“உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். அழுதுகிட்டே கதை பூரா சொன்னா.”

“தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லலை?”

யாரோ அவளிடம் வழி கேட்டார்கள் போலிருக்கிறது, அவர்களுக்குப் பொறுமையாக வழி சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

“இருபத்திரண்டு நாள் காத்துக்கிட்டிருந்தேன். என்ன படம்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. ஊர்ப் பசங்களை எல்லாம் நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்கற ஆளு நீங்க. பெத்த பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டீங்களா?”

“தப்புதான். என்னை மன்னிச்சிடு.”

“நாப்பத்தொரு பேர் முன்னாடி சொன்னதுக்கு, என் காதுல வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. நல்லா இருக்கு.”

போன் வைக்கப்பட்டது.

டார்ச் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அவள் சொன்னது நியாயம். எங்கே கொட்டினோமோ அங்கேதான் அள்ள வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்தினார். இரண்டு தடவை இருமல்தான் பதிவானது. மூன்றாவது தடவை வார்த்தை வந்தது.

“எல்லாருக்கும் சொல்லிக்கறேன். நான் எழுத்தைத் தப்பாப் படிச்சிட்டேன். அந்த ஊர்ல ஏ-ன்னா எல்லாருக்குமான படமாம். சின்னவ நடிச்சது குழந்தைங்க படம். ரொம்ப நல்ல படமாம். என் பொண்ணு நல்ல பொண்ணுதான். நான் அன்னைக்குச் சொன்னதை யாரும் மனசுல வச்சுக்காதீங்க.”

அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் குழு கல்யாண வீடாகிவிட்டது. சித்தப்பா ‘அப்பாடா’ என்று போட்டார். அத்தை, ‘எனக்கு அப்பவே தெரியும், நம்ம வீட்டுப் பொண்ணு அப்படிச் செய்யாது’ என்று எழுதினாள். தெரிந்தவள் இருபத்திரண்டு நாளாக ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவள் மட்டும் எதுவும் எழுதவில்லை.

டார்ச்சுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தப்பு ஓர் எழுத்தினுடையது என்று ஆகிவிட்டதில் ஒரு நிம்மதி. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவனை யாராவது குற்றவாளி என்பார்களா? முகம் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

*

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் அம்மா. பின்னால் சின்னவள்.

மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். விமானத்தில் கசங்கிய சட்டையை மாற்றக்கூட இல்லை.

ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று டார்ச்சின் கால் துடித்தது. ஆனால் அவர் நின்ற இடம் டிக்கெட் கிழிக்கும் இடம். இருபத்தாறு வருடப் பழக்கம் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவளுடைய செருப்பைப் பார்த்தார்.

“வாம்மா” என்றார். “மேனேஜரம்மாவுக்குச் சொல்லியிருந்தா முன்னாடி வரிசையில...”

“அவங்கதான் கூப்பிட்டாங்க. போன் பண்ணினாங்க” என்றாள் சின்னவள். “நீங்க போட்ட ரெண்டாவது வாய்ஸையும் கேட்டேன். அம்மா டாக்ஸில போட்டுக் காட்டினாங்க.”

“கேட்டியா?” அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எல்லாருக்கும் சொல்லிட்டேன்மா. ஒருத்தர் விடாம. எழுத்தைத் தப்பாப் படிச்சுட்டேன். வயசாச்சுல்ல, புத்தி மட்டுப்பட்டுப் போச்சு. இப்ப எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க. சித்தப்பாகூட...”

“பார்த்தேன்பா.”

அவர் நிறுத்திக்கொண்டார். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது அதைத் தணித்திருப்பார்.

“நான் அங்க ரூம்ல தனியா இருந்தேன்” என்றாள் சின்னவள். “உங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். டிக்கெட் கிழிக்கறவர் பொண்ணு போஸ்டர்ல இருக்கான்னு சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். பதில் வந்தது. குரூப்ல உங்க வாய்ஸைப் பாத்ததும் வாழ்த்துன்னு நினைச்சு வேகமா போட்டுக் கேட்டேன்.”

டார்ச்சுக்குத் தரை அப்படியே பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தப்பும்மா. நான் செஞ்சது பெரிய தப்பு. அந்த எழுத்து மட்டும்...”

“எழுத்தை விடுங்கப்பா. இங்க ஏ, அங்க ஏ, அதெல்லாம் அந்தந்த ஊர்க்காரங்க அவங்க அவங்க பயத்துக்குப் போட்டுக்கறது. எனக்கு ஒண்ணு தெரியணும்.” அவள் ஓர் அடி கிட்டே வந்தாள். “நீங்க பொடிசுகளைக் கேப்பீங்களே, அந்த மாதிரி கேக்கறேன். யோசிக்காம சொல்லணும்.”

“கேளு.”

“நல்ல படம், அதனால நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டீங்க. சரி. அது நெஜமாவே நீங்க நினைச்ச மாதிரிப் படமா இருந்திருந்தா, நான் உங்க பொண்ணா, இல்லையா?”

பொண்ணுதான் என்று சொல்லத்தான் டார்ச் வாயைத் திறந்தார். அஞ்சே எழுத்து. திறந்த வாய்க்கும் அந்த அஞ்சு எழுத்துக்கும் நடுவில் ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா, அத்தை, நாற்பத்தொரு பேர், இந்த வாசல், இந்த யூனிஃபார்ம். ஒரு நொடிதான். ஒன்றரை நொடி இருக்கலாம்.

“பொண்ணுதாம்மா” என்றார்.

சின்னவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கண்ணு மேல போயிடுச்சுப்பா” என்றாள், மெல்ல.

போனது அவருக்கே தெரியும். கூரையில் பழைய நீர்க்கசிவின் கறையை அவர் பார்த்திருந்தார். ஆயிரம் பேரின் கண்ணில் பார்த்த அந்தக் கழித்தல் கணக்கைத் தன் கண்ணில், தன் பெண்ணின் எதிரே போட்டிருந்தார்.

சின்னவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். அரங்கில் விளக்கு அணைந்திருந்தது. பழக்கத்தில் டார்ச்சின் கை தானாக விளக்கைப் போட்டு அவள் காலடிக்கு வெளிச்சம் காட்டியது. அந்த வெளிச்சத்தின் மேலேயே நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா ஒரு நிமிடம் நின்றாள்.

“பெட்டிய பெரியவ வீட்ல இறக்கிட்டோம். அங்கதான் தங்கறா. ஞாயித்துக்கிழமை பசங்க ஷோ முடிஞ்சதும் நேரா ஏர்போர்ட். அதுக்கப்புறம் அவ எப்ப வருவாளோ, வருவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது” என்றாள். “நான் அவளுக்காகப் பேசமாட்டேன். உங்களுக்காகவும் பேசமாட்டேன்.”

அவளும் உள்ளே போனாள்.

திரையில் தண்ணீர்ச் சத்தம் ஆரம்பித்தது. மேனேஜர் கடைசி ஆளாக ஓடி வந்தாள்.

“என்னண்ணே, இங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க. உங்க பொண்ணு வர்ற முதல் சீன் போயிடும்.”

டார்ச் விளக்கை அணைத்தார். கதவை அவளுக்காகப் பிடித்துக்கொண்டார். தான் மட்டும் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

“நீங்க போங்கம்மா” என்றார். “எனக்கு இன்னும் வயசு பத்தலை.”